சாயங்காலத்தில் அடங்கிய வாய்

என் வாயைப் பற்றி எங்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு. மட்டாஞ்சேரி பஜாரில் லாரிக்காரன் ஹார்ன் அடித்தாலும் நகராத மாடு, நான் வாயைத் திறந்தால் ஒதுங்கி வழி விடுமாம். இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, என் அம்மா. பெற்றவளே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குழாயடியில் யாராவது குடத்தை முந்தி வைத்தால் எனக்குப் பேச்சு வரும். மீன்காரச் சேட்டத்தி அழுகின மத்தியை அடியில் வைத்துத் தள்ளினால் வரும். வந்தால் லேசில் நிற்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரிசி மண்டி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரிதான். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். திட்டுவதற்கு எனக்கு இரண்டும் கைவசம் இருந்தன.

அந்த வாய், எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், அடங்க ஆரம்பித்தது.

காலையில் ஒன்றும் தெரியாது. எழுந்ததும் சாயா போட்டு, தண்ணீர் பிடித்து, இரண்டு பேரோடு வழக்கடித்து எல்லாம் சரியாகத்தான் நடக்கும். மதியம் தாண்டினால் நாக்கு கனக்கும். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன், பாதியில் வார்த்தைகள் குழைந்து மூக்கு வழியாக வரும். வெயில் சாயச் சாய இமைகள் தாமாக இறங்கும். அது தூக்கம் இல்லை. உள்ளே நான் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன், கதவு மட்டும் சாத்திக்கொள்ளும். இமைகளுக்கு இடையே மிஞ்சிய சந்தில் பார்த்தால் உலகம் இரண்டிரண்டாகத் தெரியும். படகுத்துறை ஜெட்டிக்கு வருகிற போட்டு இரண்டு. காயலில் இறங்குகிற சூரியன் இரண்டு, ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. சுக்கும் மிளகும் மணக்கிற அந்தக் காற்றில் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, எந்தச் சூரியன் முதலில் முங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பயமாக இருந்ததா என்றால், ஆரம்பத்தில் இல்லை. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது.

வீட்டில் யாரும் இதை நோவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. வாயாடிப் பெண் சாயங்காலத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எந்த வீட்டில் கவலைப்படுவார்கள்? "கல்யாண வயசு வந்திருச்சுல்லா, தன்னால அடங்கிட்டா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பேன், நாக்கு ஒத்துழைக்காது. அதையும் அடக்கக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

பெண் பார்க்க வந்தது இந்தச் சமயத்தில்தான். எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம். பஜாரில் குடோன்கள் எல்லாம் சாத்தின பிறகுதான் நல்ல காரியத்துக்குக் கிளம்புவார்கள். வியாபாரத்தைப் போட்டுவிட்டுப் பகலில் யார் வருவார்? ஆக, விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார்கள், மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும். காலையிலிருந்து வீடு கழுவி, பலகாரம் சுட்டு, நான் ஓய்ந்து கிடந்தேன். சாயாத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது கழுத்தே தலையைத் தாங்கவில்லை. தலை தொங்கிவிட்டது. இமை முக்கால்வாசி இறங்கிவிட்டது. கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும் சொன்னேன், வேறு எதுவும் வரவில்லை.

"என்ன ஒரு அடக்கம்!" என்று மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா! தலையே நிமிரல பாருங்களேன்."

எப்படியாவது மாப்பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே சட்டை, ஒரே மீசை, ஒரே நேரத்தில் சாயாவை ஊதினார்கள். இடது பக்கத்து ஆள் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கல்யாணம் ஆயிற்று. அவருக்குப் பஜாரில் சாக்கு வியாபாரம். பழைய சாக்குகளை வாங்கி, ஓட்டைகளைக் கோணி ஊசியால் தைத்து, மிளகு குடோன்களுக்கும் சுக்கு குடோன்களுக்கும் விற்பார். கருக்கலில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பார்தான், ஆனால் உச்சி வெயில் ஏறும்வரை தூங்குவார். ஆகவே என் காலை வாயை அவர் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்தவள் சாயங்காலத்துக்காரி, இமை தாழ்த்தி, தலை சாய்த்து, ஒரு சொல் பேசாமல் சோறு போடுகிறவள். என் மாமியார் காலைப் பேச்சையும் கேட்டார், மாலை மௌனத்தையும் பார்த்தார். அவர் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "பகல்ல லொடலொடன்னு பேசுவா. புருஷன் படியேறினா மூச்சு விடமாட்டா. அந்த மரியாதைய எங்க போயி படிச்சாளோ!"

எனக்கு எரிச்சலான எரிச்சல். கல்யாணமான புதிதில் எத்தனை விஷயத்துக்குச் சண்டை போட வேண்டியிருக்கும்! நனைந்த சட்டையை அப்படியே கட்டிலில் போடுவார். சொல்லாமல் ஆட்களைச் சாப்பிடக் கூட்டி வருவார். பகலெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருப்பேன். அவர் வரும்போது நாக்கு இருக்காது. "நீங்க" என்று தொடங்கி, அடுத்த சொல்லுக்குள் குழைந்து, கோபத்தில் கண்ணீர்தான் வரும். அவர் பதறிப்போய், "என்ன புள்ள, உடம்பு முடியலையா?" என்பார். திட்டக்கூட முடியாதவளுக்கு ஆறுதல் வேறு. சிரித்தாவது மழுப்பலாம் என்றால் சிரிப்பும் சரியாக வராது. உதட்டின் நடுப்பகுதி மட்டும் மேலே ஏறி, உறுமுகிற நாய் போல ஆகிவிடும். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சாயங்காலத்தில் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் மரவள்ளிக் கப்பையும் மீன்குழம்பும். சவைத்துக்கொண்டிருக்கும்போதே தாடை நின்றுவிட்டது. கையால் மோவாயைத் தாங்கி மேலே தள்ளித் தள்ளி மென்றேன். தண்ணீரைக் குடித்தால் அது மூக்கு வழியாக வந்தது, புரை ஏறி மூச்சு முட்டியது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டிக் குதித்து என் முதுகில் தட்டின தட்டு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் இது அடக்கம் இல்லை என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

மறுநாள் போட்டில் எர்ணாகுளம் போனோம். ஒரு டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். இன்னொருவர் கண்ணாடி போடச் சொன்னார். மூன்றாவதாகப் போன ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும், படிப்பு முடித்துப் புதிதாக வந்தவர், பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் என்னைக் காலையில் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். "சாயங்காலம் வாங்க. அப்பத்தான் நோவு வெளிய வரும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது.

சாயங்காலம் கையில் ஓர் ஊசி போட்டார். வயிறு பிசைந்தது, வாயில் எச்சில் ஊறியது. பிறகு, யாரோ திரையை மெல்லத் தூக்குவது போல என் இமைகள் ஏறின. இரண்டு டாக்டரம்மாக்களும் நகர்ந்து வந்து ஒருவரானார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு தென்னை மரம். சாயங்கால வெளிச்சத்தில் கீற்றுக் கீற்றாக, பிசிறில்லாமல் எதையாவது பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது! "ஏங்க, அந்த மரத்தப் பாருங்க" என்றேன். குரல் கணீரென்று வந்தது. என் வீட்டுக்காரர் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், பெண் மாறி வந்துவிட்டது போல. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னென்னவோ பேசினேன், போட்டில் பார்த்த கிழவரைப் பற்றி, டானிக் எழுதின டாக்டரின் கைராசியைப் பற்றி. அவர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியின் வேகம் தீர்ந்ததும் எல்லாம் போயிற்று. ஒரு சொல்லின் நடுவில் என் நாக்கு திரும்பவும் கல்லானது. போட்டில் வீடு திரும்பும்போது அவர் என் இமைகளையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ, அந்தக் குரல் வேண்டும், ஊசி போட்டு வாங்குகிற கடன் குரல் வேண்டாம், என் சொந்தக் குரல் எனக்கு வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து எழுந்தது.

நோவு என்னவென்று டாக்டரம்மா விளக்கியதை நான் அன்றைக்குப் பாதிதான் புரிந்துகொண்டேன். மீதியைப் பிற்பாடு வருஷக்கணக்கில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். நரம்பு சொல்வதைத் தசை கேட்டுக்கொள்கிற வாசல்கள் உண்டாம். என் ரத்தம் அந்த வாசல்களை அடைத்து, அரித்துக்கொண்டிருந்தது. காலையில் நரம்பு தெம்பாக இருக்கும், மிச்சமிருக்கிற வாசல்களில் ஓங்கிச் சொல்லிச் சமாளித்துவிடும். பொழுது ஆக ஆக அதன் சத்தம் குறையும், தசைக்குக் கேட்காது.

"என் ரத்தத்துக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன், ஆனால் குழைந்த நாக்கில் அது கெஞ்சல் போல வந்தது.

"கோபமில்லா. தெரியாம செய்யறது" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்தில் டி செல்னு ஒரு கூட்டர் உண்டு. காவல்காரங்க. எலும்புக்குள்ள பிறப்பாங்க, நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பிக்கு வந்து படிப்பாங்க. யாரு நம்ம ஆளு, யாரு வெளியாளுன்னு அங்கதான் படிக்கறது. உங்களுக்கு அந்த இடத்தில் என்னமோ பிழை நடக்குது."

"எப்படிப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க?" என்று கேட்டது என் வீட்டுக்காரர்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் மேல்புறத்தில் ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டிருக்கும், கூடவே தன் உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை அந்த அடையாளத்தின் மேல் எடுத்து நீட்டும், டி செல் இரண்டையும் சேர்த்துத் தடவிப் பார்க்கும் என்று டாக்டரம்மா சொன்னார். என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம பஜார் வேலதான! சாக்கு மேல குடோன் மார்க்கு இருக்கும். குத்தூசிய விட்டு உள்ள இருக்கறதுல ஒரு பிடி எடுத்துக் காட்டுவான். மார்க்கும் பாக்கணும், சாம்பிளும் பாக்கணும்." டாக்டரம்மாவுக்குச் சாக்கு விவகாரம் புரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் "ஆ, அதுதான்" என்று தலையாட்டினார். எனக்கு அன்று புரிந்தது அந்தச் சாக்கினால்தான்.

தைமஸில் நடப்பதைப் படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு திக்கென்றது. அங்கே படிக்க வருகிற செல்களில் பெரும்பாலானவை உயிரோடு வெளியே வருவதில்லை. முதலில், நம் உடம்பின் அடையாளத்தைத் தொட்டுப் பார்க்கத் தெரிகிறதா என்று ஒரு சோதனை. தெரியாதது கேட்பாரில்லாமல் அங்கேயே சாகும். பிறகு நம்முடைய சொந்தத் துணுக்குகளையே நீட்டிக் காட்டுவார்கள். அதன் மேல் பாய்கிறதை அங்கேயே சாகச் சொல்லிவிடுவார்கள். தொடத் தெரிந்து, பாயாமலும் இருக்கிற கொஞ்சம் பேர்தான் ரத்தத்துக்கு வர முடியும். மாமியார் அரிசி புடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வந்து கொஞ்சம் துக்கமாக இருக்கும். என் நெஞ்சுக்குள் இத்தனை சாவு நடந்திருக்கிறது, நான் அதுபாட்டுக்கு மீன்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெளியே வருகிறவையும் ஒரே மாதிரி இல்லை. நோய்க்கிருமி புகுந்த செல்லைத் தொட்டதுமே கொல்கிற வகை ஒன்று. எல்லாரையும் "போதும், விடு, விடு" என்று அடக்குகிற வகை ஒன்று. அது என் அம்மா. மூன்றாவது, உதவிக்கார வகை. இது தன் கையால் யாரையும் ஒன்றும் செய்யாது. கத்தும். கத்திக் கத்தி மற்ற செல்களைக் கிளப்பிவிட்டு, எதிர்ப்பொருள் செய்யச் சொல்லும், சண்டையை மூட்டும். கையை ஆட்டாமல் வாயாலேயே ஊரைக் கூட்டுகிற ஆள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் வாயை அடைத்தது யார் என்று பார்த்தால், உள்ளே என்னைப் போலவே வாயாடிகள்! தைமஸின் சோதனையில் எப்படியோ தப்பித்து வந்தவர்கள், என்னுடைய தசை வாசலையே வெளியாள் என்று நினைத்து ஊரைக் கூட்டியிருக்கிறார்கள்.

"அப்ப அவங்களை எல்லாம் மருந்து போட்டுக் கொன்னுருங்க" என்றேன்.

"ஐயோ, அது பற்றில்லா, முடியாது." டாக்டரம்மா என் கையைப் பிடித்துத் திருப்பி, தோளுக்குக் கீழே இருந்த அம்மைக் குத்தின் தழும்பைத் தொட்டார். "இதை ஓர்மையில வச்சிருக்கறதும் அவங்கதான். சின்ன வயசிலே குத்தினது. இன்னும் மறக்காம ரத்தத்தில் சுத்திட்டு இருக்காங்க. அவங்க போனா சளி பிடிச்சாலே ஆளு போயிடும்."

அந்தத் தழும்பை அதற்குமுன் நான் அசிங்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம், தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள், பலருக்கு நன்றாகிறது, எல்லாருக்கும் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளக்க வேண்டும். என் அம்மா அழுதாள். மாமியார் பொரிந்து தள்ளினார். "பேச்சு வரலன்னா நெஞ்சப் பொளப்பாங்களா? பேசாட்டிப் போறா! அவ பேசாதது எனக்கு நோவாவே தெரியல, நல்ல குணமாத்தான் தெரியுது." வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அப்போது பகல், நல்லவேளை. "எனக்கு என் வாய் வேணும்" என்றேன். "சாயங்காலமும் வேணும்." அவர் வேறு ஒன்றும் கேட்காமல் ரயில் டிக்கெட் எடுக்கப் போனார்.

ஆபரேஷன் நாளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மயக்கத்தில் கண்ட கனவு மட்டும் இருக்கிறது. காயலின் அடியில் நடந்துபோகிறேன், தண்ணீர் இளஞ்சூடாக இருக்கிறது, தலைக்கு மேல் போட்டுகளின் அடிப்பாகங்கள் மேகம் மாதிரி நகர்கின்றன, யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பதில் சொல்ல வாயைத் திறந்தால் மிளகு மிளகாகக் குமிழிகள் மேலே போகின்றன. கண் விழித்தபோது நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி வலி. எடுத்ததை எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன். பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். எப்படி இருந்தது என்று விடாமல் கேட்டபோது, கோழிக் கொழுப்பு மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்தது, குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கும், உங்களுக்குச் சுருங்காமல் வீங்கியிருந்தது என்று ஒரு நர்ஸ் சொன்னாள்.

தையல் பிரித்தால் பேச்சு வந்துவிடும் என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். வாயில்லாச் சாயங்காலங்கள் அப்படியே திரும்பி வந்தன. எர்ணாகுளத்து டாக்டரம்மாவிடம் போய், காலையிலேயே போய், தொண்டை வறளும்வரை சண்டை போட்டேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார், "பள்ளிக்கூடத்தைத்தான் பூட்டியிருக்கு. படிச்சு வெளிய வந்தவங்க உடம்பு முழுக்க இருக்காங்க. அவங்க ரொம்ப நாள் வாழறவங்க. மெதுவாத்தான் குறைவாங்க. காத்திருக்கணும்." எவ்வளவு நாள் என்றதற்கு, தெரியாது என்றார். ஏன் எனக்கு வந்தது என்பதற்கும் அதே பதில்தான். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரிடம் அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

அப்புறம் மாத்திரைக் காலம். ஒரு மாத்திரை போட்டால் சில மணி நேரம் இமை நிற்கும், தொண்டை விழுங்கும், சின்னச் சின்ன வாக்கியம் பேசலாம். அந்த மாத்திரை மட்டாஞ்சேரியில் கிடைக்காது, எர்ணாகுளத்தில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் போட்டில் போய் வாங்கி வருவார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தார். எனக்குத் தைரியம் வரவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறின அந்த நாளை மறக்க முடியுமா?

மழையும் வெயிலுமாக வருஷங்கள் நகர்ந்தன. எண்பதுகள் வந்தன. சாயங்காலத்தில் ஜன்னலோரம் பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன். பஜார் அடங்குகிற சத்தம் வரும், தள்ளுவண்டிகள் கல்லில் உருண்டு போகும், குடோன் கதவுகளின் தாழ்கள் ஒவ்வொன்றாக விழும். கண்ணை மூடினால் என் ரத்தத்தின் உள்ளே நடப்பேன். சிவந்த, கதகதப்பான சந்துகள். அங்கே அந்த வாயாடிகள் கூட்டமாக நிற்பார்கள், வயதானவர்களாக, பிடிவாதமாக, என் தசை வாசலைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டு. வெளியே பேச முடியாத அத்தனையையும் நான் அவர்களைப் பார்த்துப் பேசுவேன். ஏடி, கண்ணவிஞ்சவங்களா, அது என் நாக்குடி, என் இமைடி, நான்தான்டி அது! நாக்கில் வராத திட்டெல்லாம் உள்ளே மணி மணியாக வரும். பிறகு தழும்பு நினைவுக்கு வரும், கோபம் தணியும், அவர்களும் பாவம் என்று தோன்றும். அப்படியே அரைத்தூக்கத்தில் மிதப்பேன். நோவில் கழிந்த காலம்தான் அது, ஆனாலும் அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

அந்த ஆடி மாதம் மழை விடவில்லை. காலையில் டப்பாவைத் திறந்தால் ஒரே ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு மறக்காம வாங்கிட்டு வாங்க, மதியத்துக்கு இல்ல" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். மதியத்துக்கு வந்துவிடுகிறேன் என்று போனவர் வரவில்லை. மதியம் போயிற்று. மழையில் போட்டு ஓடவில்லையோ, அவருக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ என்று வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். சோறு இறங்கவில்லை. மாமியார் ரேடியோவைப் போட்டுக்கொண்டு, நான் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு, தொப்பலாக நனைந்து, அவர் படியேறி வந்தார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் ஒரு டஜன் மட்டி வாழைப்பழம்.

"மாத்திரை?"

அவர் சட்டைப் பையைத் தொட்டார். குடையை உதறிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "வாங்கினேன் புள்ள. வாங்கிப் பக்கத்துல சீட்டு மேல வச்சேன். இறங்கற அவசரத்துல... போட்டு திரும்பிப் போயிட்டு."

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. "பழத்த மட்டும் பத்திரமா கொண்டாந்தீங்களோ! பழம் மடியில, என் உசிரு சீட்டு மேலயா? காலைல படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டுப் போயிருக்கீங்க. மதியத்துக்கு வாரேன்னு சொன்ன மனுஷன் விளக்கு வச்சு வந்தா, இங்க ஒருத்தி போட்டு முங்கிருச்சோ, ஆளு போயிட்டாரோன்னு வாசல்ல நின்னு நின்னு செத்துக்கிட்டு இருக்கேன். எங்க போனீங்க? யார்கிட்ட நின்னு சாயா குடிச்சீங்க? குடை வச்சிருந்தும் இப்படி நனைஞ்சு வர உங்களால மட்டும்தான் முடியும். அந்தச் சட்டையக் கழட்டிக் கட்டில் மேல போட்டீங்கன்னா இன்னிக்கு இருக்கு உங்களுக்கு! மனுஷனுக்குக் கொஞ்சமாவது..."

மழைச் சத்தத்துக்கு மேலே என் குரல் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் குடையைக்கூடக் கீழே வைக்காமல் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கறீங்க? கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க!"

"மதியம் மாத்திரை போட்டியா?" என்றார், மெதுவாக.

"எங்கேருந்து போட? காலையில போட்டதுதான். நீங்கதான் போட்டுக்காரனுக்குத் தானமாக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே..."

அப்போதுதான் நானும் நிறுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு விளக்கு. என் வீட்டுக்காரர் ஒருவராக, முழுதாக, ஈரம் சொட்டச் சொட்ட எதிரில் நின்றார். அவர் படியில் அப்படியே உட்கார்ந்து, நனைந்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பழச்சீப்பு மடியிலிருந்து சரிந்து படியில் விழுந்தது.

ரேடியோ நின்றது. மாமியார் அதை அணைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்து நின்றார். "அடி ஆத்தாடி! விளக்கு வச்ச பிறகும் இம்புட்டு வாயா உனக்கு?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"நிறுத்தாத புள்ள" என்றார் வீட்டுக்காரர், பொத்திய கைகளுக்குள்ளிருந்து. "திட்டு. இன்னும் திட்டு."